பாண்ட் வந்துவிட்டது, சரி: அடார்1 ஆன்டிபாடியைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

"அக்கா, பாண்ட் வந்துடுச்சு!" என்று ஓடிவரும் முகத்தை வருடத்துக்கு நாலைந்து முறையாவது பார்க்கிறேன். வட பெங்களூரில், பல்லாரி ரோட்டை ஒட்டிய ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. திருச்சி, நெல்லை, கோவைப் பக்கமிருந்து ஆறு மாத ப்ராஜெக்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, வேண்டியதை ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை) சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் என் பொறுப்பு. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான். ஓடிவரும் பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது: "சரிம்மா, நாக்அவுட் லேன் எங்கே?" நாக்அவுட் என்றால் நாம் தேடும் புரதத்தின் மரபணுவையே முடக்கிய செல். லேன் என்றால் ஜெல்லில் ஒரு மாதிரி ஓடும் தடம்.

ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்ட வேண்டிய ஒரு புரதம். அது எதிலோ ஒட்டியதால் பிளாட்டில் கோடாக ஒரு பாண்ட் தெரிகிறது. எதில் ஒட்டியது என்று அந்தப் பாண்ட் தானாகச் சொல்லாது. அதை நாம்தான் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். குப்பியின் மேல் ஒரு புரதத்தின் பெயர் அச்சடித்திருக்கிறது என்பதற்காக உள்ளே இருப்பது அந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் லேபில் அடார்1 என்ற நொதியைப் பார்க்க ஓர் ஆன்டிபாடி வாங்கினோம். ஏழு வாரம் காத்திருந்து வந்தது. முதல் பிளாட்டிலேயே 110 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்தில் அழகான, தடித்த ஒரே பாண்ட். எல்லோருக்கும் சந்தோஷம். நாலு மாதம் அதை வைத்தே படம் படமாகச் சேர்த்தோம். பிறகு பக்கத்து லேபிலிருந்து அடார்1 நாக்அவுட் செல்கள் கிடைத்தன. அதிலும் அதே இடத்தில் அதே தடிப்பில் அதே பாண்ட். அன்றைக்கு அந்தப் படங்களையெல்லாம் தூக்கிப்போட்ட தம்பியின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த நாலு மாதம் உங்களுக்குப் போகக் கூடாது என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன். உதாரணமாக அடார்1-ஐயே எடுத்துக்கொள்கிறேன். முறை, ஆர்என்ஏ-வை மாற்றும் மற்ற நொதிகளுக்கும் பொருந்தும்.

முதலில் நொதியைப் படியுங்கள்

ஆன்டிபாடி தேடும் முன் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து நொதியைப் பற்றிப் படித்துவிடுங்கள். அடார்1 இரட்டை இழை ஆர்என்ஏ-வில் உள்ள அடினோசினை இனோசினாக மாற்றும். செல்லின் இயந்திரங்கள் இனோசினைக் குவனோசின் என்றே படிக்கும். நம் செல்லே தயாரிக்கும் இரட்டை இழை ஆர்என்ஏ-வை, வைரஸ் வந்துவிட்டது என்று எம்டிஏ5 என்ற காவல் புரதம் தவறாக எண்ணிவிடாமல் இருப்பதற்கு இந்த மாற்றம் தேவை. அடார்1 மரபணுவில் பிழை இருந்தால் ஐகார்டி-கூட்டியெர் என்ற கடுமையான குழந்தைப்பருவ நோய் வரலாம் என்பது 2012-இல் தெரியவந்தது.

நமக்கு இங்கே முக்கியம், இந்த நொதி இரண்டு அளவுகளில் வருகிறது என்பது. நீளமானது பி150, 1,226 அமினோ அமிலங்கள். குட்டையானது பி110. அது 296-ஆவது இடத்தில் உள்ள மெத்தியோனினில் தொடங்குவதால் 931 அமினோ அமிலங்கள்தான். கணக்குப்படி எடை சுமார் 136, 103 கிலோடால்டன். ஜெல்லில் ஓடும்போது 150, 110 பக்கம் நிற்கும், பெயரும் அப்படித்தான் வந்தது. பி110 எந்நேரமும் செல்லில் இருக்கும், பெரும்பாலும் உட்கருவில். பி150 சாதாரண நாளில் கொஞ்சமாகத்தான் இருக்கும். வைரஸ் வந்தால் செல்கள் வெளியிடும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரான் பட்டால் ஏறும். பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில் இருக்கும்.

இந்த ஒரு பத்தியை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் செய்யப்போகும் எல்லாச் சோதனைக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. வேறு நொதி என்றால் யூனிப்ராட் என்ற புரதத் தகவல் தளத்தில் அதன் பக்கத்தைத் திறந்து இதே விவரங்களை எடுங்கள். மனித அடார்1-இன் எண் பி55265.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஆர்என்ஏ-வில் உள்ள மாற்றத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி வேறு, அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியைப் பிடிக்கும் ஆன்டிபாடி வேறு. எம்6ஏ என்ற மெத்தில் குறியைப் பிடிப்பது முதல் வகை, அந்தக் குறியைப் போடும் மெட்டில்3 புரதத்தைப் பிடிப்பது இரண்டாம் வகை. பெயர்கள் பக்கம் பக்கமாக வருவதால் ஆர்டர் போடும்போது மாற்றிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

டேட்டா ஷீட்டை எங்கிருந்து படிப்பது

பெரும்பாலானவர்கள் டேட்டா ஷீட்டில் முதலில் படத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் இம்யூனோஜென் என்ற வரிக்குப் போங்கள். புரதத்தின் எந்தப் பகுதியைக் கொடுத்து ஆன்டிபாடியை உருவாக்கினார்கள் என்று அங்கே இருக்கும்.

அடார்1-க்கு இது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். முதல் 295 அமினோ அமிலங்கள் பி150-இல் மட்டும்தான் உண்டு. அந்தப் பகுதிக்கு எதிராகச் செய்த ஆன்டிபாடி பி110-ஐ ஒருபோதும் காட்டாது. பின்பாதிக்கு எதிராகச் செய்தது இரண்டையும் காட்டும். பி110-ஐ மட்டும் காட்டும் ஆன்டிபாடி வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டாள். யோசித்துப் பார்த்தால் பி110-இல் இருக்கும் வரிசை முழுக்க பி150-க்குள்ளும் இருக்கிறதே, அதனால் வழக்கமான முறையில் அப்படி ஒன்று கிடைப்பது மிகக் கடினம். ஜெல்லில் அளவை வைத்துத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். அதனால் முதன்முதலில் வாங்கும்போது, இரண்டையும் பிடிக்கும் ஆன்டிபாடியையே வாங்குங்கள். ஒரே லேனில் இரண்டு பாண்டும் சரியான தூரத்தில் நிற்பதே உங்களுக்குக் கிடைக்கும் முதல் சாட்சி.

அடுத்தது ஆன்டிபாடியின் வகை. முயலின் ரத்தத்திலிருந்து நேரடியாக எடுக்கும் பாலிகுளோனல் ஒவ்வொரு முயலுக்கும் மாறும். அந்த முயல் போனால் அந்த ஆன்டிபாடியும் போயிற்று. மோனோகுளோனல், 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் கண்ட ஹைப்ரிடோமா வழியில் ஒரே வகை செல்லிலிருந்து வருவது. ரீகாம்பினன்ட் என்பது ஆன்டிபாடியின் மரபணு வரிசையே கையில் இருந்து, அதை வேறு செல்லில் போட்டுத் தயாரிப்பது. லாட் (ஒருமுறை தயாரித்த தொகுதி) மாறினாலும் பொருள் மாறாது. காசு கொஞ்சம் கூட ஆனாலும் ரீகாம்பினன்டை எடுங்கள் என்பது என் கருத்து. கனடாவைத் தளமாகக் கொண்ட வைகாரோஸ் குழு நரம்பியல் சார்ந்த 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை நாக்அவுட் செல்களில் வரிசையாகச் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டது. அதில் சராசரியாக ரீகாம்பினன்டுகளே முன்னால் நின்றன. நல்ல பெயருள்ள கட்டுரைகளில் பயன்பட்ட சில ஆன்டிபாடிகள் தோற்றதும் அதே பட்டியலில்தான் தெரிந்தது. ஆக, "நிறைய பேப்பரில் இருக்கிறது" என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எதற்குச் சோதித்தது என்றும் பாருங்கள். வெஸ்டர்னில் புரதம் விரிந்து, எஸ்டிஎஸ் என்ற சோப்பு பூசி, நூல் போல நிற்கும். செல்லுக்குள் அது மடிந்த நிலையில் இருக்கும். ஒரு நிலையில் ஒட்டும் ஆன்டிபாடி மற்றதில் ஒட்டாமல் போவது சர்வ சாதாரணம். உங்களுக்கு எந்த வேலைக்கு வேண்டுமோ அதற்குத் தனியாகச் சாட்சி வேண்டும்.

கடைசியாக, குப்பியில் ஆன்டிபாடியோடு வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். 50 சதவீதம் கிளிசரால் இருந்தால் மைனஸ் 20-இல் உறையாது, பிரித்து வைக்கத் தேவையில்லை. சோடியம் அசைடு கிருமிகள் வளராமல் காக்கும், ஆனால் பாண்டை ஒளிரவைக்கும் ஹெச்ஆர்பி நொதியைத் தடுக்கும். அதனால் முதல் ஆன்டிபாடியின் மேல் போய் ஒட்டும், ஹெச்ஆர்பி பொருத்திய இரண்டாம் ஆன்டிபாடியின் கரைசலில் அசைடு போடவே கூடாது. முதல் ஆன்டிபாடியில் இருந்தால் பரவாயில்லை, நன்றாகக் கழுவிவிட்டால் போதும்.

வாங்குவதற்கு முன், வந்த பின்

நூறு மைக்ரோலிட்டர் குப்பி ஒன்றுக்கு எங்கள் பில்லில் முப்பது, நாற்பதாயிரம் ரூபாய் சாதாரணமாக வருகிறது. அதனால் வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள். பெங்களூரில் நமக்கு இருக்கும் பெரிய வசதி அதுதான். ஐஐஎஸ்சி, ஜேஎன்சி, ஜிகேவிகே வளாகத்தில் என்சிபிஎஸ், இன்ஸ்டெம் என்று ஆய்வு நிறுவனங்கள் எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. யாராவது ஒருவரிடம் அந்த ஆன்டிபாடி இருக்கும். ஐந்து மைக்ரோலிட்டர் கொடுத்தால் ஒரு பிளாட் ஓட்டிப் பார்த்துவிடலாம். கேட்க வெட்கப்படாதீர்கள். நான் கேட்ட இடங்களில் கொடுக்காதவர்கள் குறைவு. யஷ்வந்த்பூர் பக்கமிருந்து வாங்கி வருவதாக இருந்தால் தெர்மக்கோல் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்து வாருங்கள். ஹெப்பாள் மேம்பாலத்தில் எவ்வளவு நேரம் நிற்போம் என்று யாருக்கும் தெரியாது.

பார்சல் வரும் நாளை ஸ்டோர்ஸில் சொல்லி வையுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த பெட்டி திங்கள் காலை வரை செக்யூரிட்டி மேசையடியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். வந்தவுடன் குப்பியை இரண்டு நொடி சுற்றி மூடியில் ஒட்டியதை இறக்குங்கள். உறைய வைக்க வேண்டிய வகை என்றால் பத்துப் பத்து மைக்ரோலிட்டராகப் பிரியுங்கள். அதைவிடச் சிறிதாகப் பிரித்தால் ஆவியாவதும் சுவரில் ஒட்டுவதும் அதிகம். திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்காதீர்கள். தானே பனியை உருக்கிக்கொள்ளும் வீட்டு மாதிரி ஃப்ரீசரில் வைக்காதீர்கள், அதில் வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். "பெங்களூரு குளுகுளுன்னுதானே இருக்கு" என்று பெஞ்சில் விட்டுப்போகும் பழக்கமும் வேண்டாம். ஊர் குளிர்ச்சியாக இருந்தாலும் 25 டிகிரி ஆன்டிபாடிக்குச் சூடுதான்.

நான்கு லேன்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. அவசரமில்லாமல் படியுங்கள்.

நான்கு வகை செல் மாதிரி தயார் செய்கிறோம். முதலாவது சாதாரண ஹெக் 293டி செல் (ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் மனிதச் சிறுநீரகச் செல் வகை). இரண்டாவது அதே செல், இன்டர்ஃபெரான் கொடுத்தது. மூன்றாவது அடார்1 நாக்அவுட் ஹெக் 293டி. நான்காவது அந்த நாக்அவுட்டுக்கு இன்டர்ஃபெரான் கொடுத்தது. இன்டர்ஃபெரான் பீட்டா என்றால் மில்லிலிட்டருக்கு 1,000 யூனிட், 24 மணி நேரம் என்று தொடங்கலாம். மனித செல்லுக்கு மனித இன்டர்ஃபெரான்தான் வேண்டும். ஃப்ரிட்ஜில் இருக்கிறதே என்று எலியுடையதைப் போட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று குழம்பியவர்கள் உண்டு.

ஆன்டிபாடி உண்மையாக இருந்தால் என்ன தெரிய வேண்டும்? முதல் லேனில் 110-இல் தெளிவான பாண்ட், 150-இல் மெலிதாக ஒன்று, அல்லது ஒன்றுமில்லை. இரண்டாவதில் 150 நன்றாக ஏறியிருக்க வேண்டும். 110 ஏறக்குறைய அப்படியே இருக்கும், லேசாகக் கூடினாலும் பயப்பட வேண்டாம். பி150-க்கான எம்ஆர்என்ஏ-விலேயே ரைபோசோம் முதல் தொடக்கத்தைத் தாண்டிப்போய் பி110 செய்வது உண்டு. மூன்றிலும் நான்கிலும் இரண்டு பாண்டும் காணாமல் போயிருக்க வேண்டும். இந்த நான்கும் சேர்ந்து வந்தால் உங்கள் ஆன்டிபாடி வெஸ்டர்னுக்குத் தேறிவிட்டது.

எங்கள் பழைய குப்பி தோற்றது இந்த இடத்தில்தான். 110 இருந்தது, இன்டர்ஃபெரான் கொடுத்தும் 150 வரவில்லை. பின்பாதிக்கு எதிரான ஆன்டிபாடி என்று எழுதியிருந்தும் ஏன் பி150 தெரியவில்லை என்று அன்றே கேட்டிருந்தால், நாக்அவுட் வரும் வரை காத்திருக்காமலே சந்தேகம் வந்திருக்கும்.

நான்காவது லேனில் எதுவும் இல்லை என்றால், ஆன்டிபாடி சரியாக இருப்பதால் இல்லையா, இன்டர்ஃபெரானே வேலை செய்யாததால் இல்லையா? அதற்காக அதே மெம்பிரேனில் ஸ்டாட்1 என்ற புரதத்தையும் பாருங்கள். இன்டர்ஃபெரான் பட்டால் அது ஏறும், 84-க்கும் 91-க்கும் நிற்கும். நான்காவது லேனில் ஸ்டாட்1 ஏறி, அடார்1 இல்லாமல் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. இன்னொரு எச்சரிக்கை: அடார்1 இல்லாத செல்லுக்கு இன்டர்ஃபெரான் நல்லதல்ல. காவல் புரதங்கள் விழித்துக்கொண்டு புரத உற்பத்தியை நிறுத்தும், செல் இறக்கவும் செய்யும். ஏ549 (நுரையீரல் புற்றுநோய் செல்) போன்ற செல்களில் ஆர்என்ஏஸ் எல் என்ற நொதி வழியாக இப்படிச் சாவது தெரிந்த விஷயம். அதனால் 24 மணி நேரத்துக்கு மேல் நீட்டாமல், மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்துவிட்டு அறுவடை செய்யுங்கள்.

நாக்அவுட் கிடைக்கவில்லையா? அப்போது எம்ஆர்என்ஏ-வைச் சிதைக்க வைக்கும் எஸ்ஐஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏ போட்டு அளவைக் குறைக்கலாம். இரண்டு வடிவத்துக்கும் பொதுவான பகுதியைக் குறிவைக்கும் இரண்டு வேறு எஸ்ஐஆர்என்ஏ, 72 மணி நேரம். பாண்ட் முழுக்கப் போகாது, குறையத்தான் செய்யும். ஒப்பிட வேண்டியது எதையும் குறிவைக்காத எஸ்ஐஆர்என்ஏ போட்ட செல்லோடு, சும்மா இருந்த செல்லோடு அல்ல. செல்லுக்குள் ஆர்என்ஏ-வோ பிளாஸ்மிடோ நுழைவதே சில செல்களில் இன்டர்ஃபெரானைக் கிளப்பி பி150-ஐ ஏற்றிவிடும். அடார்1 விஷயத்தில் இதை மறந்தால் முடிவு தலைகீழாகப் போகும்.

டேக் (அடையாளத் துண்டு) போட்ட அடார்1-ஐ அதிகமாகத் தயாரிக்க வைத்து, "பாருங்கள், பாண்ட் தெரிகிறது" என்பதும் ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. அது ஆன்டிபாடியால் அடார்1-ஐப் பிடிக்க முடியும் என்று மட்டும்தான் காட்டும். வேறு எதையும் பிடிக்காது என்பதைக் காட்டாது. துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

நாக்அவுட் செல்லை நீங்களே செய்வதாக இருந்தால் முதலில் உங்கள் நிறுவனத்தின் உயிர்ப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி பெறுங்கள். அப்புறம் எல்லா செல்லும் இதற்கு ஒத்துவராது: ஹெக் 293டி அடார்1 இல்லாமலும் வளரும், சில புற்றுநோய் செல்கள் செத்துவிடும். மெட்டில்3-இல் வேறொரு தொல்லை. 2022-இல் வந்த ஆய்வு ஒன்று, நாக்அவுட் என்று நினைத்த சில செல்கள் ஆர்என்ஏ-வை வெட்டி ஒட்டும் ஸ்ப்ளைசிங்கை மாற்றி, கொஞ்சம் மாறிய ஆனால் வேலை செய்யும் மெட்டில்3-ஐத் தயாரித்துக்கொண்டிருந்ததைக் காட்டியது. நாக்அவுட் லேனில் கீழே புதிதாக ஒரு பாண்ட் முளைத்தால் ஆன்டிபாடியைத் திட்டும் முன் செல்லையும் சந்தேகப்படுங்கள்.

லைசேட்டிலிருந்து பிளாட் வரை

செல்லைக் குளிர்ந்த பிபிஎஸ்-இல் கழுவி, புரோட்டியேஸ் தடுப்பான் போட்ட ரிப்பா பஃபரில் ஐஸ் மேல் உடையுங்கள். கிடைக்கும் கரைசல்தான் லைசேட். பிஎம்எஸ்எஃப் பயன்படுத்தினால் உடைக்கும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும், தண்ணீரில் அது சீக்கிரம் செத்துவிடும். லைசேட் வெண்டைக்காய் நறுக்கிய விரல் மாதிரி கொழகொழவென்று இழுத்தால் அது டிஎன்ஏ. சின்னதாக சோனிகேட் செய்யுங்கள், அல்லது நியூக்ளியேஸ் போடுங்கள். உட்கருவில் ஆர்என்ஏ-வோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் புரதம் இது. இந்தப் படியைத் தவிர்த்தால் சென்ட்ரிஃபியூஜில் சுற்றும்போது பாதி அடார்1 அடியில் போய்விடும், நீங்கள் மேலே உள்ள தெளிந்த நீரை வைத்து "குறைவாக இருக்கிறது" என்று எழுதுவீர்கள்.

லேனுக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம் புரதம். ஜெல் 7.5 அல்லது 8 சதவீதம். வழக்கம்போல 12 சதவீதத்தில் ஓட்டினால் 110-உம் 150-உம் மேலே நெருக்கியடித்து நின்றுவிடும். பெரிய புரதம் என்பதால் வெட் டிரான்ஸ்ஃபர் நல்லது. குளிர் அறையில் 30 வோல்ட், ராத்திரி முழுக்க. மே மாதத்து இடிமழை நாளில் கரண்ட் போகாமல் இருக்காது, யூபிஎஸ் பிளக்கில்தான் செருகியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். பிவிடிஎஃப் மெம்பிரேனை முதலில் மெத்தனாலில் நனைக்க மறக்காதீர்கள். டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் பான்சோ எஸ் என்ற சாயம் போட்டு சிவப்புக் கோடுகளைப் பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். 150-க்கு மேலும் கோடுகள் ஏறியிருந்தால் பெரிய புரதங்கள் மாறிவிட்டன என்று அர்த்தம். பான்சோவில் மேல்பாதி வெறுமையாக இருந்தால் ஆன்டிபாடியை வீணாக்காமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பிளாக் செய்ய, அதாவது ஆன்டிபாடி மெம்பிரேனில் கண்டபடி ஒட்டாமல் தடுக்க, 5 சதவீதப் பால் பவுடர். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் என்று போட்டிருக்க வேண்டும். கடையில் டீக்கு வாங்கும் ஒயிட்னரில் சர்க்கரை கலந்திருக்கும், அது ஆகாது. டேட்டா ஷீட் பிஎஸ்ஏ-வில் (மாட்டு ரத்தப் புரதம்) கரைக்கச் சொன்னால் அதையே செய்யுங்கள். முதல் ஆன்டிபாடி 1:1000 என்று தொடங்கி, 4 டிகிரியில் ராத்திரி முழுக்க. மறுநாள் மூன்று முறை கழுவி, இரண்டாம் ஆன்டிபாடி ஒரு மணி நேரம். முயல் ஆன்டிபாடிக்கு முயலைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி. சொல்லவே வேண்டாம் என்று தோன்றும், ஆனால் மாறிப்போவது இதுதான். ஒரு சின்னத் துண்டு மெம்பிரேனில் இரண்டாம் ஆன்டிபாடியை மட்டும் போட்டும் பாருங்கள்.

முதல் சோதனையில் மெம்பிரேனை வெட்டாதீர்கள். 75-க்குக் கீழே வெட்டி வேறு ஆன்டிபாடி போட்டுக் காசு மிச்சம் பிடிக்கலாம்தான், ஆனால் இந்த ஆன்டிபாடி வேறு எங்கெல்லாம் ஒட்டுகிறது என்று தெரிய வேண்டுமே. முழு மெம்பிரேனையும் படம் எடுங்கள். குறைந்த நேரம், நடுத்தரம், அதிகம் என்று மூன்று எக்ஸ்போஷர். லோடிங் கன்ட்ரோலாக (எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் போட்டதைக் காட்ட) வின்குலின் வேண்டாம், அது பி110-க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். டியூபுலினோ ஜிஏபிடிஹெச்-ஓ போதும்.

நாக்அவுட்டிலும் வேறு உயரத்தில் ஒரு பாண்ட் இருக்கிறது, 110-உம் 150-உம் சரியாகப் போய்விட்டன என்றால்? வெஸ்டர்னுக்கு அந்த ஆன்டிபாடியைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், அந்தக் கூடுதல் பாண்ட் எது என்று படத்தில் குறித்துவிட வேண்டும். மைக்ராஸ்கோப்புக்கு மட்டும் அது உதவாது. அங்கே உயரம் இல்லை, எல்லாம் ஒரே வெளிச்சமாகத்தான் தெரியும்.

மைக்ராஸ்கோப்பில்

செல்லுக்குள் புரதம் இருக்கும் இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃப்ளோரசன்ஸுக்குத் தனிச் சோதனை. எனக்குப் பிடித்த வழி, சாதாரண செல்லையும் நாக்அவுட் செல்லையும் வேறு வேறு நிறச் சாயத்தில் ஊறவைத்து, ஒரே கவர்ஸ்லிப்பில் கலந்து வளர்ப்பது. பச்சை செல்லில் அடார்1 உண்டு, அகச்சிவப்புப் பக்கம் ஒளிரும் செல்லில் இல்லை. ஒரே கண்ணாடியில், ஒரே பஃபரில், ஒரே எக்ஸ்போஷரில் பக்கத்துப் பக்கத்து செல்லை ஒப்பிடலாம். பச்சை மட்டும் ஒளிர்ந்தால் சரி. இரண்டும் ஒரே மாதிரி ஒளிர்ந்தால் அந்த ஆன்டிபாடியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ஹெக் செல்கள் கழுவும்போது உரிந்து போய்விடும், கண்ணாடிக்குப் பாலி லைசின் பூசுங்கள். 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் 10 முதல் 15 நிமிடம், பிறகு 0.1 சதவீத ட்ரைட்டானில் 10 நிமிடம். உட்கருவுக்குள் ஆன்டிபாடி போக வேண்டும் என்பதால் ட்ரைட்டானைக் குறைக்காதீர்கள். சாதாரண செல்லில் உட்கரு பிரகாசமாகவும், இன்டர்ஃபெரான் கொடுத்ததில் சைட்டோபிளாசமும் கூடச் சேர்ந்து ஒளிர்வதாகவும் தெரிந்தால் நாம் நோட்டில் எழுதி வைத்த பத்தியோடு அது பொருந்துகிறது. மென்பொருள் தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருட்டான நாக்அவுட் படத்தையும் தூக்கிக் காட்டும்.

ஆன்டிபாடி பூசிய மணிகளால் புரதத்தைப் பிடித்து இழுக்கும் இம்யூனோபிரெசிபிடேஷனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணிகளில் ஒட்டியதை மட்டும் பார்க்காமல், மேலே மிஞ்சிய திரவத்தில் அடார்1 குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கூடவே வந்த புரதங்களை நம்பும் முன் ஆர்என்ஏ-வைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் போட்டு ஒருமுறை செய்யுங்கள். ஒரே ஆர்என்ஏ-வைப் பிடித்திருக்கும் இரண்டு புரதங்கள், கைகோத்திருப்பது போலத் தெரியும்.

நொதி இருப்பதும் வேலை செய்வதும்

ஆன்டிபாடி, நொதி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். அது வேலை செய்கிறதா என்று சொல்லாது. வேலையைப் பார்க்க சுலபமான வழி, அடார்1 மாற்றும் ஒரு இடத்தை சாங்கர் சீக்வென்ஸிங்கில் பார்ப்பது. அஸின்1 என்ற மரபணுவின் எம்ஆர்என்ஏ-வில் 367-ஆவது செரீனைக் கிளைசினாக மாற்றும் இடம் பிரபலமானது. சிடிஎன்ஏ-வில் (எம்ஆர்என்ஏ-விலிருந்து எடுத்த டிஎன்ஏ நகல்) அந்த இடத்தில் ஏ முகடும் ஜி முகடும் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும். அதே செல்லின் டிஎன்ஏ-வில் ஏ மட்டும்தான் இருக்க வேண்டும். இந்த மாற்றம் எல்லா செல்லிலும் ஒரே அளவில் நடப்பதில்லை, உங்கள் செல்லில் ஜி முகடு தெரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தால், நாக்அவுட்டில் அது இறங்கியிருக்கும். பிளாட்டும் இதுவும் ஒரே பக்கம் பேசினால் உங்கள் கைடு கேட்கும் அடுத்த நாலு கேள்விக்கும் பதில் இருக்கிறது.

நோட்டும் ஃப்ரீசரும்

நோட்டில் "அடார் ஆன்டிபாடி" என்று மட்டும் எழுதாதீர்கள். கேட்டலாக் எண், லாட் எண், ஆர்ஆர்ஐடி (ஆய்வுப் பொருளுக்கான பொது அடையாள எண்), எந்த விலங்கு, எத்தனை மடங்கு நீர்த்தது, எதில் நீர்த்தது, எந்தத் தேதி திறந்தது எல்லாம் வேண்டும். நீங்கள் ஊருக்குப் போன பின் வரும் தங்கைக்கோ தம்பிக்கோ அந்த லாட் எண்தான் வழி காட்டும்.

நான்கு லேனுக்கான லைசேட்டை முதல் தடவையே தாராளமாகச் செய்து, லோடிங் பஃபர் சேர்த்து, ஒரு பிளாட்டுக்கு ஒரு குழாய் என்று பிரித்து மைனஸ் 80-இல் போட்டு வையுங்கள். பழைய குப்பியில் கடைசிப் பத்து மைக்ரோலிட்டர் மிஞ்சும்போதே புதியதை ஆர்டர் செய்யுங்கள். புது லாட் வந்த அன்று அந்தக் குழாய்களில் இரண்டு செட்டை எடுத்து, ஒரே ஜெல்லில் இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் நாலு ஓட்டி, மெம்பிரேனை நடுவில் வெட்டி ஒரு பாதியில் பழையதையும் மறுபாதியில் புதியதையும் போடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் குப்பி மூடியில் தேதியும் உங்கள் இனிஷியலும் எழுதி ஸ்டாக் பெட்டிக்குள் வைக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் அந்த முழு மெம்பிரேன் படத்தை இணைத்து, வாரண்டி முடியும் முன் விற்றவருக்கு அன்றே எழுதுங்கள்.